புள்ள மாத்திரைய துப்புறதுக்கும் பெத்தவங்களுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான்: பையனுக்கு 7 வயசு, ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய், ஆஸ்பத்திரியில படுத்து ட்ரிப்ஸ் ஏத்துற கட்டமெல்லாம் முடிஞ்சு இப்ப வீட்டுலயே தினமும் மாத்திரை. ராத்திரி ஆனா ரகளை, சில நாள் துப்பிடுறான், சில நாள் இவங்களே பாவம் பாத்து விட்டுடுறாங்க. வீட்டுக்காரர் "நீ குடுக்குற செல்லம்தான் எல்லாத்துக்கும் காரணம்"ங்குறார். பெத்தவங்க நடந்துக்குற விதத்துக்கும் புள்ள மருந்து சாப்பிடுறதுக்கும் நிஜமாவே அவ்ளோ சம்பந்தம் இருக்கான்னு கேட்டிருக்கீங்க.

இருக்குங்க, நெறயவே இருக்கு. ஆனா வீட்டுக்காரர் கை காட்டுற எடத்துல இல்ல. நான் குழந்தைகள் புற்றுநோய் பிரிவுல பார்மசிஸ்ட், மாத்திரைய எண்ணி குடுத்து அனுப்புறதும் திரும்பி வர்ற டப்பாவுல மிச்சம் எவ்ளோன்னு பாக்குறதும்தான் பொழப்பு. செல்லம் ஜாஸ்தி, கண்டிப்பு கம்மிங்குற கணக்க நான் பெருசா எடுத்துக்குறதில்ல, ஏன்னா செம கண்டிப்பான வீட்டுலயும் மாத்திரை சோபாவுக்கு அடியில கெடைக்குது. நான் முதல்ல பாக்குறது அந்த மருந்த பத்தி அப்பா அம்மா மனசுக்குள்ள உண்மையில என்ன நினைக்குறாங்கன்னு. அத வாய்விட்டு சொல்லவே வேணாம், புள்ளைக்கு தானா போய் சேந்துடும்.

உங்க பையன் இருக்குற கட்டத்துக்கு மெயின்டெனன்ஸ்னு பேரு. ஏ.எல்.எல். வைத்தியம் மொத்தமா 2 முதல் 3 வருஷம், அதுல பெரும்பகுதி இதுதான்: தினமும் 6-மெர்காப்டோப்யூரின், வாரத்துக்கு ஒரு தடவ மெத்தோட்ரெக்ஸேட், ரெண்டும் வீட்டுலயே வாய்வழியா. முடி திரும்ப முளைச்சிடும், ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்சிடுவான், ரிப்போர்ட்ல புற்றுநோய் செல் தெரியாது. பாக்குறதுக்கு நல்லாருக்குற புள்ளைக்கு, வாந்தி வர்ற மாதிரி ஒரு மாத்திரைய, தினமும், வருஷக்கணக்குல குடுக்கணும். இங்கதான் பல பேர் மனசு ஆட்டம் காணுது. ட்ரிப்ஸ்ல ஏறுனதுதான் பெரிய வைத்தியம், இது ஏதோ பின்னாடி வர்ற சின்ன மாத்திரைன்னு ஒரு நினைப்பு வந்துடும். அது அப்படி இல்லங்க. கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க உருவாக்குனதுதான் 6-மெர்காப்டோப்யூரின், 1953-லயே புழக்கத்துக்கு வந்துடுச்சு, பின்னாடி 1988-ல அவங்களுக்கு நோபல் பரிசும் கெடைச்சுது. ஆரம்ப காலத்துலயே டாக்டர்கள் பாத்த விஷயம் என்னன்னா, ரத்தம் சுத்தமான மாதிரி தெரிஞ்சதும் வைத்தியத்த நிறுத்துனா சில மாசத்துல நோய் திரும்பிடும், ஏன்னா டெஸ்ட்ல மாட்டாத அளவுக்கு கொஞ்சம் செல்லுங்க ஒளிஞ்சு கெடக்கும். அதுங்கள மெதுவா, விடாம அடிக்குற வேலைதான் இந்த மாத்திரைக்கு.

எவ்ளோ விடாமன்னா, அமெரிக்காவுல டாக்டர் ஸ்மிதா பாட்டியா குழு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க. மாத்திரை டப்பா மூடியிலயே சின்ன சிப், எப்ப திறந்தாங்கன்னு தேதி நேரத்தோட பதிவாயிடும். 100 நாள்ல 95 நாளுக்கு கம்மியா திறந்த புள்ளைங்களுக்கு நோய் திரும்புற ஆபத்து ரெண்டரை மடங்குக்கும் மேல இருந்துச்சு. 95-ன்னா கேக்க சுலபமா தெரியும், கணக்கு போட்டு பாத்தா 30 நாள்ல ரெண்டு நாள் விட்டாலே 93-க்கு வந்துடுறோம். இத படிச்சிட்டு போன வாரம் துப்புன ஒரு மாத்திரைய நினைச்சு தூங்காம கெடக்காதீங்க, ஒரு டோஸ் போனதால நோய் வராது, மாசாமாசம் அப்படியே போறதுதான் பிரச்சனை. "சில நாள் விட்டுடுறோம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த சில நாள் மாசத்துக்கு எத்தனைன்னு காலண்டர்ல இன்னிக்கே குறிக்க ஆரம்பிங்க, ஞாபகத்துல இருக்குற கணக்கு எப்பவுமே உண்மைய விட அழகா இருக்கும்.

இப்ப மனசு விஷயத்துக்கு வரேன். லண்டன்ல ராப் ஹார்ன்னு ஒரு பேராசிரியர், மருந்து எடுத்துக்குறவங்க மனசுல ரெண்டு கேள்வி ஓடிக்கிட்டே இருக்கும்னு சொல்லியிருக்கார், இந்த மருந்து இல்லாம முடியாதா, இந்த மருந்தே கெடுதல் பண்ணிடுமா. ரெண்டுல எந்தப் பக்கம் கனம் ஜாஸ்தியோ அதுபடிதான் கை போகும். குழந்தைங்க விஷயத்துல அந்த மனசு பெத்தவங்களோடது. கல்லீரல் கெட்டுடுமோ, பின்னாடி குழந்தை பொறக்காதோ, இவ்ளோ சின்ன உடம்புக்கு இவ்ளோ மருந்தான்னு உள்ளுக்குள்ள ஓடுற அம்மா வேணும்னே மாத்திரைய மறைக்க மாட்டாங்க. ஆனா லேசா சளி புடிச்சா "இன்னிக்கு வேணாமே", வெளியூர் போனா "அங்க போய் எதுக்கு", அவன் அழுதா "சரி விடு"ன்னு ஆகிடும். இதே அம்மா ஊசி மருந்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூட லேட்டா வர மாட்டாங்க. அன்பு குறைச்சலா என்ன? சந்தேகத்த யார்கிட்டயும் கேக்கலங்குறதுதான் விஷயம். கல்லீரல் பயம் ஒண்ணும் பைத்தியக்காரத்தனமான பயம் இல்ல, அதுக்குத்தான் ரத்த டெஸ்ட்ல அதையும் பாத்துக்கிட்டே இருக்காங்க, அளவு ஏறுனா டாக்டரே டோஸ குறைப்பாங்க. இத ஒரு தடவ டாக்டர் வாயால கேட்டா பாதி பாரம் எறங்கிடும்.

புள்ளைக்கு இது எப்படி தெரியுதுன்னு கேப்பீங்க. எங்க கவுன்டருக்கு முன்னாடியே பாத்தது ஒண்ணு. ஒரு அம்மா மருந்து நெறச்ச சிரிஞ்ச முதுகுக்கு பின்னாடி மறைச்சு வெச்சுக்கிட்டு பையன்கிட்ட "ஒண்ணும் இல்லடா தங்கம், ஒண்ணுமே இல்ல, கசக்கவே கசக்காது, இன்னிக்கு மட்டும்தான், நாளைக்கு வேணாம்"னு சொல்லிக்கிட்டே கிட்ட போறாங்க, பையன் ஒவ்வொரு "ஒண்ணும் இல்ல"வுக்கும் ஒரு அடி பின்னாடி போறான், உதட்ட உள்ள மடிச்சுக்கிட்டு. அப்ப அங்க வந்த நர்ஸ் சிரிஞ்ச வாங்கி அவன் கண்ணு முன்னாடியே காமிச்சு "கசக்கும், ரெண்டு வாய்தான், தண்ணிய நீ புடிச்சுக்குறியா நான் புடிக்கவா"ன்னு கேட்டாங்க. கொஞ்சம் யோசிச்சான், டம்ளர அவனே வாங்கிக்கிட்டான். மூஞ்ச சுளிச்சான், முழுங்கிட்டான். எல்லா தடவையும் இவ்ளோ சுலபமா முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா ஊசி போடுறப்ப பெத்தவங்க பேசுறத வெச்சு பல வருஷமா ஆராய்ச்சி நடந்திருக்கு, "பயப்படாத, சரியாயிடும், சாரிடா கண்ணு"ன்னு திரும்பத் திரும்ப தேத்துறப்ப புள்ளைங்க பதட்டம் கூடத்தான் செய்யுது, வேற பேச்சு பேசி கவனத்த திருப்புனா குறையுதுன்னு அதுல தெரிஞ்சிருக்கு. பெரியவங்க குரல் நடுங்குனா ஏதோ பெருசா வரப்போகுதுன்னு புள்ள அர்த்தம் பண்ணிக்குது. அப்புறம் அந்த "நாளைக்கு வேணாம்"ங்குற பொய், அது மறுநாள் ராத்திரியே வெளுத்துடும், அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் அவன் நம்ப மாட்டான்.

அதனால வீட்டுல என்ன பண்ணலாம்னா, சாப்பிடணுமா வேணாமாங்குறத பேச்சுக்கே எடுக்காதீங்க, எப்படி சாப்பிடுறதுங்குறத முழுசா அவன் கையில குடுத்துடுங்க. எந்த டம்ளர், எந்த நாற்காலி, தண்ணி முன்னாடியா பின்னாடியா, யார் மடியில, எல்லாம் அவன் இஷ்டம். தினமும் ஒரே வேலையோட சேத்து ஒட்டி வெச்சிடுங்க, பல் தேய்க்குறதுக்கு முன்னாடி மாதிரி. முழுங்கின உடனே பாராட்டணும், அரை மணி நேரம் கழிச்சு இல்ல. பேரம் நீண்டா ரெண்டு பேருமே தோத்துடுவீங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல இழுத்தா சாதாரண குரல்ல "சரி, பத்து நிமிஷம் கழிச்சு வரேன்"னு எழுந்து போயிட்டு திரும்ப வாங்க. மூக்க புடிச்சு ஊத்துறது, படுக்க வெச்சு ஊத்துறது ரெண்டும் கூடவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், அது போக மறுநாள் போராட்டம் ரெண்டு மடங்காகும். "துப்புனா டாக்டர் ஊசி போட்டுடுவார்"னு மிரட்டுறதும் வேணாம். இந்த வயசு புள்ளைங்க பல பேர், தான் ஏதோ தப்பு பண்ணதாலதான் நோய் வந்துச்சுன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, மருந்தையும் ஊசியையும் தண்டனை மாதிரி பேசுனா அந்த நினைப்பு இன்னும் கெட்டியாயிடும். மிட்டாய்னு சொல்லி குடுக்குறது இன்னொரு ஆபத்து, அவனோ வீட்டுல இருக்குற வேற குட்டியோ டப்பாவ திறந்து மிட்டாய்னு அள்ளி போட்டுக்கும்.

7 வயசுல மாத்திரை முழுங்க கத்துக்க முடியும், பல புள்ளைங்களுக்கு அத யாரும் முறையா சொல்லியே குடுக்குறதில்லங்குறது என் ஆதங்கம். கேக் மேல தூவுற கடுகு சைஸ் சர்க்கரை உருண்டையில ஆரம்பிச்சு, நாலஞ்சு நாள் அத சுலபமா முழுங்குனதும் கொஞ்சம் பெரிய சைஸ், அப்புறம் அதவிட பெருசுன்னு போகணும். பகல்ல, விளையாட்டா, பக்கத்துல நீங்க இருக்கும்போது, மருந்து நேரத்துல இல்ல. உங்க பையன் மாத்திரைய நீங்களா உடைக்குறது பொடிக்குறதெல்லாம் கேக்காம பண்ணாதீங்க, இது கீமோ மருந்து, பொடி காத்துல பறக்கும், கையில படும், வீட்டுல கர்ப்பமா யாராவது இருந்தா அவங்க தொடவே வேணாம், மத்தவங்க கிளவுஸ் போட்டுக்குறது நல்லது. முழுங்கவே முடியலன்னா நீர் வடிவத்துல வாங்க வழி இருக்கான்னு உங்க பார்மசிஸ்ட்ட கேளுங்க. நீர் மருந்துன்னா வீட்டு ஸ்பூன் வேணாம், மூடி கப்பும் வேணாம், எம்.எல். கோடு போட்ட சிரிஞ்ச்தான். 2016-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல மருந்து அளக்க சொன்ன பெத்தவங்கள்ல 84 சதவீதத்துக்கும் மேல ஒரு தடவயாவது தப்பா அளந்தாங்க, கப்புல அளந்தப்ப தப்பு சிரிஞ்ச விட ரொம்பவே ஜாஸ்தி. கன்னத்துக்கு உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடணும், தொண்டைக்கு நேரா பீச்சக்கூடாது.

இன்னொரு நல்ல சேதி, இத நெறய பேர் இன்னும் பழைய மாதிரியே கடைபிடிக்குறாங்க. 6-மெர்காப்டோப்யூரின ராத்திரிதான் குடுக்கணும், வெறும் வயித்துலதான் குடுக்கணும், பால் பக்கமே போகக்கூடாதுன்னு ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அதே பாட்டியா குழுவோட 2017 ஆய்வுல இந்த பழக்கங்களால நோய் திரும்புறதுல வித்தியாசம் தெரியல, ஒழுங்கா விடாம சாப்பிட்டாங்களாங்குறதுதான் கணக்குல வந்துச்சு. தூக்கம் கலங்கி, பசியோட, எரிச்சல்ல இருக்குற ராத்திரி 9 மணிக்கு நீங்க போராடுறதுக்கு பதிலா சாயங்காலமோ காலையிலயோ மாத்த முடியுமான்னு உங்க டாக்டர கேளுங்க. பல வீட்டுல பாதி ரகளை இதுலயே அடங்கிடுது.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. யார் செல்லம் குடுத்தாங்கன்னு மாத்திரை நேரத்துல ரெண்டு பேரும் புள்ள முன்னாடி சண்டை போட்டா அது செல்லத்த விட மோசம். டைப் 1 சர்க்கரை நோய் புள்ளைங்க வீடுகள்ல இத நல்லாவே பாத்திருக்காங்க, வைத்தியத்த சுத்தி சண்டை ஜாஸ்தியான வீட்டுல சர்க்கரை கட்டுப்பாடும் மோசமாத்தான் இருக்கு. உதவி பண்றேன்னு ஆரம்பிச்சு, குத்தம் கண்டுபுடிக்குறதா மாறி, புள்ள ஒளிக்க ஆரம்பிச்சு, அத கண்டுபுடிச்சு இன்னும் கத்தின்னு போகும். அப்பா சும்மா தீர்ப்பு சொல்றத விட வாரத்துல பாதி நாள் மாத்திரை அவர் பொறுப்புன்னு எடுத்துக்கட்டும், ஆனா ஒரு நாளைக்கு ஒரே ஆள்தான் பொறுப்பு. ரெண்டு பேரும் பொறுப்புன்னா அவர் குடுத்திருப்பார்னு நீங்களும் நீங்க குடுத்திருப்பீங்கன்னு அவரும் இருந்துடுவீங்க, இல்லன்னா ரெண்டு தடவ போயிடும். கிழமை போட்ட மாத்திரை டப்பா வெச்சுக்கோங்க, குடுத்ததும் காலண்டர்ல டிக். மெத்தோட்ரெக்ஸேட் விஷயத்துல இது உயிர் பிரச்சனை, வாரம் ஒரு தடவ குடுக்குறத தவறி தினமும் குடுத்தா ரத்த அணுக்கள் அடியோட விழுந்து ஆளையே கொண்டுபோயிடும், எந்த கிழமைன்னு டப்பா மேலயே பெருசா எழுதி வெச்சிடுங்க.

உங்க மனநிலையும் இதுல ஒரு மருந்து மாதிரிதான். மனச்சோர்வுல இருக்குற அம்மாக்களோட புள்ளைங்களுக்கு மருந்து தவறுறது ஜாஸ்தின்னு ஆஸ்துமா ஆய்வுலயே தெரிஞ்சிருக்கு, புற்றுநோய் மாதிரி ஒண்ண வருஷக்கணக்கா தூக்கி சுமக்குறவங்களுக்கு கேக்கவே வேணாம். ராத்திரி தூக்கமில்ல, எதுலயும் பிடிப்பில்ல, அழுகை முட்டிக்கிட்டு வருதுன்னா அத "எனக்கு என்ன, புள்ள பொழைச்சா போதும்"னு தள்ளாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுவும் அவன் வைத்தியத்துல சேத்திதான். அமெரிக்காவுல வலிப்பு நோய் புதுசா கண்டுபுடிச்ச புள்ளைங்கள வெச்சு 2011-ல ஒரு ஆய்வு வந்துச்சு, முதல் 6 மாசத்துல 58 சதவீதம் புள்ளைங்களுக்கு மருந்து தொடர்ந்து தவறிக்கிட்டு இருந்துச்சு, அந்த பழக்கம் முதல் மாசத்துலயே அமைஞ்சிடுது, யார் தவறவிடுவாங்கன்னு முன்கூட்டியே காட்டுன ஒரே விஷயம் குடும்பத்தோட பொருளாதார நிலை. காசு, நேரம், தோள் குடுக்க இன்னொரு ஆள் இல்லாத வீட்டுல மருந்து தவறுது, அத போய் வளர்ப்பு சரியில்லன்னு பேசுறது எனக்கு பிடிக்கவே பிடிக்காது.

பையன்கிட்ட நோய பத்தி என்ன சொல்லியிருக்கீங்கன்னு எழுதல. இந்த வயசுக்கு "உன் ரத்தத்துல சில செல்லுங்க கெட்டுப்போச்சு, பெரிய மருந்து அதுங்கள விரட்டிடுச்சு, ஒளிஞ்சுக்கிட்டு இருக்குறத இந்த மாத்திரை தேடுது, நீ எந்த தப்பும் பண்ணல" அவ்ளோ போதும். எதுக்குன்னே தெரியாத மாத்திரைய யார்தான் தினமும் சாப்பிடுவாங்க? எச்.ஐ.வி. இருக்குற புள்ளைங்க விஷயத்துலயே, மறைக்கணும்னு குடும்பங்களுக்கு எவ்ளோ காரணம் இருந்தாலும், ஸ்கூல் போற வயசுல அவங்களுக்கு சொல்லிடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2011-ல வழிகாட்டி போட்டாங்க.

உங்களுக்கு இது இப்ப தேவையில்ல, ஆனா இத படிக்குற மத்தவங்களுக்காக: பையனோ பொண்ணோ 12, 13 ஆனதும் "அவனே பாத்துக்குவான், பொறுப்பு வரணும்ல"ன்னு மொத்தமா கைய விட்டுடாதீங்க. கிட்னி மாத்தின பசங்களுக்கு அந்த கிட்னி கெட்டுப்போறது ஜாஸ்தியா நடக்குறது சுமார் 17-ல இருந்து 24 வயசுக்குள்ளதான். ஏ.எல்.எல். இருக்குற புள்ளைங்கள வெச்சு 2020-ல வந்த ஆய்வு ஒண்ணுல தினமும் மெசேஜ் அனுப்பி, பெத்தவங்க கண்ணு முன்னாடி மாத்திரை சாப்பிட வெச்சு பாத்தாங்க, எல்லா வயசையும் சேத்து பாத்தா பெரிய வித்தியாசம் வரல, ஆனா 12 வயசுக்கு மேல இருந்தவங்களுக்கு, அதுலயும் முன்னாடி நெறய தவறவிட்டவங்களுக்கு பலன் தெரிஞ்சுது. வளந்த பசங்கள பக்கத்துல நின்னு பாக்குறது அவமானம் இல்லங்க, கத்தாம நின்னா போதும்.

கடைசியா, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், அடுத்த தடவ போறப்ப டாக்டர்கிட்ட உள்ளத சொல்லிடுங்க. செக்கப்புக்கு முந்தின சில நாள் மட்டும் ஒழுங்கா குடுத்துட்டு "எல்லாம் கரெக்டா போகுது டாக்டர்"னு சொல்றது ரொம்ப சகஜம், அந்த சிப் ஆய்வுலயே பல குடும்பங்க டப்பா திறந்த நாள விட அதிகமாத்தான் சொன்னாங்க. இதுல என்ன ஆபத்துன்னா, இந்த மருந்தோட டோஸ ரத்த அணு எண்ணிக்கைய பாத்துத்தான் ஏத்தி இறக்குறாங்க. மாத்திரை உள்ள போகாததால நியூட்ரோஃபில்ங்குற வெள்ளை அணு எண்ணிக்கை உயரமா நிக்கும், டாக்டருக்கு அது தெரியாது, டோஸ் பத்தலன்னு கூட்டுவார், மறுபடியும் கூட்டுவார். அப்புறம் ஒரு மாசம் சித்தி வந்து தங்கி ஒரு நாள் விடாம குடுப்பாங்க, அந்த ஏத்தின டோஸ் முழுசா உள்ள போய் எண்ணிக்கை சரிஞ்சு, காய்ச்சலோட புள்ள அட்மிட் ஆகும். யாரும் கெட்டது நினைக்கல, ஒரே ஒரு தகவல்தான் மறைஞ்சுது. இந்த மருந்து உடம்புக்குள்ள மாறி உருவாகுற பொருள ரத்தத்துல அளந்து சாப்பிட்டாங்களா இல்லையான்னு கண்டுபுடிக்க டெஸ்ட் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா ரொம்ப சுலபம். "போன மாசம் நாலு நாள் போகல, ரெண்டு நாள் துப்புனான், ரெண்டு நாள் நாங்களே விட்டோம்"னு அந்த காலண்டர காமிங்க. கூடவே ரெண்டு கேள்வி எழுதி எடுத்துட்டு போங்க: குடுத்து எத்தன நிமிஷத்துக்குள்ள வாந்தி எடுத்தா திரும்ப குடுக்கணும், ஒரு நாள் தவறுனா என்ன பண்ணணும். பதில் மருந்துக்கு மருந்து மாறும்ங்குறதால நான் இங்க சொல்லல, அவங்க சொல்ற வரைக்கும் தவறுன டோஸ மறுநாள் ரெட்டிப்பா மட்டும் குடுத்துடாதீங்க.